மூன்றாவது டிஸ்க்

மார்ச் 4, செவ்வாய்

நான் பார்த்துக்கொள்ளும் கேமரா பதிவு மெஷின் மறுபடியும் நின்றுவிட்டது. தோல் பதனிடும் எங்கள் டேனரியின் கழிவுநீர்க் குழியில் தொழிலாளி பாண்டியன் இறந்தது சனிக்கிழமை. குடிபோதையில் தவறி விழுந்தார் என்று மேனேஜர் சூரியபிரகாஷ் போலீசிடம் சொல்லிவிட்டார். பிரேதப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. குழிக்கு மேலே ஒரு கேமரா இருக்கிறது. ஆனால் அன்றைய பதிவைத் திறந்தாலே மூன்றாவது டிஸ்க் காணாமல் போகிறது, மெஷின் படுத்துக்கொள்கிறது.

மெஷினில் நான்கு டிஸ்க். ஒன்று செத்தால் மற்ற மூன்றும் சேர்ந்து எல்லாவற்றையும் காப்பாற்றும். நான்காவது தீபாவளிக்கே செத்துவிட்டது. புதிது கேட்டேன். "அப்பறம் பாக்கலாம் சோபனா," என்றார் மேனேஜர். இனி இந்த மூன்றாவதும் போனால் எல்லாமே போச்சு.

மார்ச் 5, புதன்

பாண்டியனின் மனைவி அமிர்தவள்ளி அக்கா கேட்டில் நின்றிருந்தார். நஷ்டஈடு பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். "குடிச்சிருந்தாரா இல்லியா? அத்த மட்டும் பாத்து சொல்லும்மா," என்றார். மகள் தலைமேல் சத்தியம் செய்து குடியை விட்டவராம். இரண்டு வருஷமாகத் தொடவில்லையாம்.

மேனேஜரிடம் போனேன். "இன்னாத்துக்கும்மா பேஜாரு? டிஸ்க் போச்சுன்னு எழுதிக் குடுத்துடு."

போச்சா? யார் பார்த்தார்கள்?

மார்ச் 6, வியாழன்

மெஷினில் காதை வைத்துக் கேட்டேன். சாகிற டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். இது ஒழுங்காகச் சுற்றுகிறது. சோதித்துப் பார்த்தால் கெட்டுப்போன இடம் ஒன்றுகூட இல்லை. ஏறிக்கொண்டே போவது ஒரே ஒரு எண்ணிக்கைதான் — டிஸ்க்கிலிருந்து மெஷினுக்குப் போகும் வழியில் சிதைந்த தகவல். அப்படியானால் டிஸ்க் சரியாகத்தான் படிக்கிறது. படித்தது மெஷினுக்குப் போய்ச் சேரவில்லை. ஏன்?

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது மெட்டி கண்ணில் பட்டது. கன்னங்கரேலென்று இருந்தது. டேனரிப் பெண்கள் யாரும் வெள்ளிக் கொலுசு போட்டு வேலைக்கு வருவதில்லை. குழியிலிருந்து வரும் விஷக்காற்று பட்டால் கறுத்துவிடும். மெஷின் அறை ஜன்னலும் அந்தக் குழிப் பக்கம்தான். டிஸ்க்கைச் சொருகும் முனைகளும் கறுத்திருக்குமோ?

மார்ச் 7, வெள்ளி

முனைகளைத் துடைக்க வேண்டுமானால் மெஷினை அணைக்க வேண்டும். என் கணிப்பு தப்பென்றால் டிஸ்க் திரும்ப எழாது. அந்த அக்காவுக்கு யார் பதில் சொல்வது? அணைக்கப்போறேன். மாரியாத்தா, கைவிட்டுடாதே.

அதே நாள், மாலை

கறுப்புதான்! பென்சில் ரப்பரால் தேய்த்து, சொருகும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தேன். மெஷின் எழுந்தது. பதிவு ஓடியது.

குழியில் முதலில் இறங்கியது ஜீவா, பாண்டியனோடு வேலை செய்பவர். அடைப்பு எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். பாண்டியன் ஓடி வந்தார். தள்ளாட்டமே இல்லை. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினார். ஜீவாவைத் தோளில் ஏற்றி மேலே தள்ளிவிட்டார். பாண்டியன் மட்டும் ஏறவில்லை.

காய்ச்சல் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த ஜீவா மறுநாளே வீட்டுக்கு வந்து, அடக்கத்துக்கும் போயிருந்தார். இதுவரை வாயே திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயமாக இருக்கும். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

மார்ச் 8, சனி

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பிரதி கொடுத்தேன். "நாளைலேர்ந்து வராத," என்றார் மேனேஜர்.

மார்ச் 9, ஞாயிறு

அமிர்தவள்ளி அக்கா வீட்டில் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். அழுவார் என்று தயாராக இருந்தேன். அழவில்லை. "நேரா நடக்கறாரு பாரு," என்றார். மறுபடி போடச் சொன்னார். போட்டேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொணத்த வெச்சிக்கினு திட்டிட்டேம்மா. சத்தியம் பண்ணி ஏமாத்திட்டியே பாவின்னு, அத்தினி பேருக்கு முன்னால மூஞ்சிய பாத்து திட்டிட்டேன்."

எனக்குத்தான் அழுகை வந்தது.

இடுகாட்டுக்குப் போக வேண்டும் என்றார். எங்களில் பெண்கள் போகும் வழக்கமில்லை. போனோம். புதைத்த இடம் எங்கள் இருவருக்குமே தெரியாது. தெருமுனையில் தன் வீட்டு வாசலில் ஜீவா உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.