இரண்டாம் முறை எரிந்த தெரு

தாகேதா, ரங்கூன்
27 மே 2004

அன்பு மகள் இன்ஷாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கனடாக் குளிரில் அப்படியே இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறோம். இதைத் தபாலில் போடவில்லை, சிங்கப்பூர் போகும் கமால் மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பிப்ரவரியில் நம் பின்தெரு எரிந்ததை எழுதியிருந்தேன். எட்டு வருஷத்துக்கு முன் எரிந்த அதே தெரு, அப்போது மூங்கிலும் தகரமும் வைத்து எல்லாரும் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். உன் போன கடிதத்தில், காடு எரிந்தால் மறு கோடையிலேயே சாம்பலில் ரோஸ் நிறப் பூச்செடி வரும், ஆஸ்பென் மரம் வேரிலிருந்து துளிர்க்கும், ஸ்ப்ரூஸ் மரத்துக் காய் சூட்டில் வாய் திறந்து விதை கொட்டும், ஆனால் அந்தக் கன்றுகள் காய்க்குமுன் மறுபடி எரிந்தால் கொட்ட விதையே இருக்காது, வேறு காடுதான் வரும் என்று எழுதியிருந்தாய். அதை இட்லிக்கடை வேலம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போனால் இடம் போய்விடும் என்று அவள் தன் வீடு இருந்த கரிமேட்டில் தினமும் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள், முதல் மழைக்கே எருக்கும் ஆமணக்கும் சுற்றிலும் கிளம்பிவிட்டன. "அப்ப இந்தத் தடவ நாங்க முளைக்க மாட்டோமா, பாய்?" என்று கேட்டாள். மறு வாரம் சர்க்கார் ஆட்கள் வந்து மனை அளந்து அங்கே எண் போட்ட கட்டைகள் அடித்தார்கள். அன்றிலிருந்து வேலம்மாவைக் காணோம், கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

உன் கடித உறையைப் பிரித்து ஒட்டியிருந்தார்கள், நீ வைத்ததாக எழுதியிருந்த போட்டோக்கள் உள்ளே இல்லை. போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள், அவை அவர்கள் கையில் இருந்தன. கரிந்த மரங்கள், எண் போட்ட கட்டைகள், நீ குனிந்து செடி எண்ணுவது. "ஊ பாரி, இது எந்த வட்டாரம்?" என்று பேருக்கு முன் 'ஊ' போட்டு மரியாதையாகத்தான் கேட்டார்கள். கனடாவில் காடு, எரிந்த இடத்தில் என்ன முளைக்கிறது என்று என் மகள் படிக்கிறாள் என்றேன். தீ வைத்தது யார் என்றார்கள். மின்னல் என்றேன், எழுதிக்கொண்டார்கள். ஒருவன் உன் முகத்தில் விரலை வைத்து, எப்போது வருகிறாள் என்று கேட்டான். அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், கோப்பை நிரம்பி வழிந்தது. இன்னும் முடிவாகவில்லை என்றேன். நீ ஜூனில் வரும் தேதியை அவனே சொன்னான்.

அதனால் வராதே, டிக்கெட் போனால் போகட்டும். இனித் தபாலில் உடம்பைப் பற்றி மட்டும் எழுது. செத்து நிற்கிற மரத்தடியில் வேலை செய்யாதே, காற்றில்லாமலே விழும் என்று நீதானே சொன்னாய். வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைப்பானாக. ஒன்றை மட்டும் மறக்காதே, உடனே புறப்பட்டு வா என்று போன் வந்தால், அது என் குரலாகவே இருந்தாலும், வராதே.

உன் அத்தா
அப்துல் பாரி