அடுப்படியில் சொல்ல ஆள் இல்லை

சின்னமனூர்
16-8-2006

பிரியமுள்ள மகள் கௌமாரிக்கு அப்பா எழுதிக்கொண்டது. நான் இங்கே நன்றாகவே இருக்கிறேன், சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் அந்தத் தூர தேசத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வீரபாண்டி ஆத்தாவை நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்பவும் இங்கே ஆடி இன்றோடு முடிகிறது, காற்று மட்டும் முடிகிற மாதிரி தெரியவில்லை, முன்கதவைத் திறந்தால் அடுப்படியில் பாத்திரம் உருளுகிறது. மேகமலைப் பக்கம் நல்ல சாரல், ஆற்றில் தண்ணீர் போகிறது, நடவு எல்லாம் முடிந்துவிட்டது. கடைக்கு இன்னும் தினமும் போகிறேன், கண் மங்கிவிட்டதால் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுவதில்லை, வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மத்தியானம் வந்துவிடுகிறேன்.

நீ அனுப்பிய போட்டோ ஆறும் வந்து சேர்ந்தன. ஏரிக்கரையில் துணி விரித்து நீங்கள் இரண்டு பேரும் இன்னும் நாலு ஜோடிகளோடு உட்கார்ந்திருக்கிற படத்தை டிவி மேல் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை தொப்பி போட்டுக்கொண்டு கறி சுடுகிறார், இங்கே இருந்தவரை ஒரு தம்ளர் தண்ணீர் தானாக மோந்து குடித்தவர் இல்லை, சந்தோஷம். ஆனால் ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. விருந்துக்கு வருகிறவர்களே ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய், அப்படியானால் விருந்து வைத்தது யார். உத்தமபாளையம் ஜலீல் பாயிடம் படித்துக் காட்டினேன், நான் கடை திறந்த அன்றைக்கு முதல் மோட்டார் கொண்டுவந்த மனுஷர், முப்பத்தொரு வருஷமாக வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் என் கடை பெஞ்சில்தான் இருக்கிறார். அவர் இந்தச் சங்கதியை வெளியில விட்டுறாதீக, நம்ம ஊருப் பொம்பளைக கேட்டா நாளைக்கே பழகிக்கிருவாக என்றார். அம்மா சுருளி அருவிக்குக் கட்டுச்சோறு கட்டும்போது புளியோதரைக்கு எவ்வளவு புளி ஊறப்போடுவாள் என்று நீ கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது ஆத்தா. முப்பது வருஷம் தின்றிருக்கிறேன், ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் போட்டு, இந்த வருஷம் சுருளிக்குப் போனீர்களா என்று கேட்டாய், நல்லபடியா போயிட்டு வந்தோம் என்று சொன்னேன். அது பொய் இல்லை, ஆனால் உள்ளதை முழுசாகவும் சொல்லவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் பழையதில் இருந்து ஆரம்பிக்கிறேன், பொறுத்துப் படி.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது எழுபத்தைந்தில். அம்மா தேவாரத்தில் இருந்து வந்து மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகை வீட்டில் அடுப்பு மூட்டிய மூன்றாவது வாரம், ஆடிப் பதினெட்டை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இரண்டு பேர் மட்டும் சுருளி அருவிக்குப் போவதாகப் புறப்பட்டோம். தூக்குச்சட்டியில் இரண்டு பேர் சாப்பாடு. பஸ் ஸ்டாண்டில் எனக்குத் தோட்டத்து மோட்டார் வேலை கொடுத்த சம்சாரி ஒருத்தர் குடும்பத்தோடு நின்றார், வாங்களேன் என்றேன், வந்துவிட்டார்கள். உத்தமபாளையத்தில் பஸ் நின்றது, ஜலீல் பாய் டீக்கடையில் இருந்தார், கையை ஆட்டிக் கூப்பிட்டேன், அவரும் ஏறிவிட்டார். அருவியில் ஏழு பேர். உன் அம்மா அந்த இரண்டு பேர் சோற்றை ஏழு பேருக்கும் உருண்டை பிடித்துக் கையில் கொடுத்தாள், தான் சாப்பிட்டாளா என்று நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே, இனிமே ஆளுகளக் கூப்புடுறதா இருந்தா எங்கிட்ட முன்கூட்டிச் சொல்லிட்டுக் கூப்புடுங்க என்றாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துச் சுருளிக்குப் போவது என்று ஆகிவிட்டது உனக்குத் தெரியும். ஒரு வருஷம் தேக்கடி போட் சவாரிக்கும் போனோம், உனக்கு அப்போது நாலு வயது, யானையைக் காட்டினால் பார்க்காமல் போட்டில் வந்த மலையாளத்துப் பிள்ளையின் கையில் இருந்த பழப்பொரி பஜ்ஜியைப் பார்த்து அழுதாய். மாதம் ஒரு ஞாயிறு வீட்டில் கறிச்சோறு. ஜலீல் பாய் வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அம்மா கோழியை உயிரோடு அவர் வீட்டுக்கே கொடுத்தனுப்பி அவர்கள் முறைப்படி அறுத்து வாங்குவாள், அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகச் செய்தது. நான் செய்ததெல்லாம் கடையில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவரை, ஞாயித்துக்கிழமை வீட்டுப் பக்கம் வாங்க என்று சொன்னதுதான். அவ்வளவு பேரும் வந்தார்கள். அழகுமலை கூப்பிட்டால் ஊரே வரும் என்று எனக்கு ஒரு நினைப்பு, அந்த நினைப்பிலேயே முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

அம்மா தவறி, போன வருஷம் துக்க வருஷம், எங்கும் போகவில்லை. இந்த வருஷம் விடக்கூடாது என்று கடையில் வைத்து ஏழு வீட்டு ஆம்பிளைகளிடம் சொன்னேன், எதிர்வீட்டுச் சீனிச்சாமி உட்பட அத்தனை பேரும் வந்துட்டாப் போச்சு என்றார்கள். இருபது சீட்டு வேன் சொன்னேன், மெஸ்ஸில் புளியோதரை, தயிர்ச்சோறு, முட்டை எல்லாம் பொட்டலம் கட்டச் சொல்லி வாங்கி வைத்தேன். காலை ஆறு மணிக்கு வேன் தெருமுனையில் வந்து நின்றது. ஜலீல் பாய் மட்டும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார், மனைவி ஜெய்த்தூன் பீவி வரவில்லை. சீனிச்சாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டுல அவளுக்குத் தோதுப்படல, நீங்க போயிட்டு வாங்கண்ணே என்றார். மற்ற வீடுகளில் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது, கதவு திறந்திருந்தது, ஒருவரும் வெளியே வரவில்லை. ஏழரை மணி வரை பார்த்தேன். டிரைவர் ஆரன் அடித்தார், வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

வேனைத் திருப்பி அனுப்ப வெட்கமாக இருந்தது. நானும் ஜலீல் பாயும் இருபது சீட்டில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து போனோம். அருவியில் நல்ல கூட்டம், குளித்தோம், ஆளுக்கொரு பொட்டலம் பிரித்தோம், மிச்சத்தைப் படியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொடுத்தோம். யார் வீட்டு விசேஷம் என்று ஒரு அம்மாள் கேட்டாள், ஜலீல் பாய்தான் எங்க வீட்டுதுதான் என்று சொல்லிச் சமாளித்தார். வரும்போது அவர் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அதை உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும். ஊர் மேலேயே ஆத்திரம். சோறு தின்ற கை காயுமுன் மறந்துவிட்டார்கள் என்று கண்டபடி நினைத்தேன், நாலு நாள் கடைக்குப் போகவில்லை, சீனிச்சாமியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் சீனிச்சாமி மனைவி மலையம்மாள் அவர்கள் வீட்டு வாசல் சுவரில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தது. என்னத்தா, சுருளிக்கு வர ஒங்களுக்கெல்லாம் அவ்வளவு கசந்துபோச்சா என்று கேட்டுவிட்டேன். அது துணியை மடித்துக்கொண்டே சொன்னது, எங்க வீட்டுல அவுக வந்து வேன் வருதாம்னு சொன்னாகண்ணே, எங்கள யாரு கூப்பிட்டா, மதினி இருந்தா நாலு நாளைக்கு முந்தியே அடுப்படிக்கு வந்து, என்ன சோலி கிடந்தாலும் கிடக்கட்டும் ஒரு எட்டு வந்துருங்கன்னு கையப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போகும், ஆம்பிளைக கடையில பேசிக்கிட்டதுக்கு நாங்க எப்படிண்ணே சேலையக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறது. மற்ற வீடுகளிலும் இதே கதைதான் என்றது. பெண்களைக் கூப்பிடாமல் ஆண்கள் மட்டும் எப்படிக் கிளம்புவார்கள், கூப்பிட்டு வராத மாதிரியும் ஆகக்கூடாது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார்களாம்.

நான் கடையில் சொல்லிவிட்டு வந்த அன்றைக்கெல்லாம் சாயந்திரம் அம்மா உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பி வருவாள். ஊர்க்கதை பேசப் போகிறாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, புருஷன் பசியோட கெடக்கான், ஒனக்கு ஊரு சுத்துறது கேட்குதா என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். ஒரு நாளாவது, ஒங்க விருந்துக்குத்தான் சொல்லப் போனேன் என்று அவள் வாய் திறக்கவில்லை. எனக்கும் அது தெரியும் என்று நினைத்துவிட்டாள் போல. முப்பது வருஷம் கூப்பிட்டது அவள். நான் தேதி மட்டும் சொன்னேன்.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. போன தையில் சீனிச்சாமி பேத்திக்குக் காதுகுத்து, எதிர்வீட்டில் மைக்செட் பாடுகிறது, எனக்குக் கடை மேஜையில் பத்திரிகை கிடந்ததோடு சரி. யாரும் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டேன். மலையம்மாள் வந்து யாரிடம் சொல்லும். பின்வாசல் வழியாக அடுப்படிக்கு வந்துதான் அவர்களுக்குப் பழக்கம், அங்கே நின்று பேச ஒரு பெண்பிள்ளை இல்லாத வீட்டுக்குள் எப்படி வரும். என்னை யாரும் ஒதுக்கவில்லை, சொல்ல ஆள் இல்லாத வீடாகப் போய்விட்டது, அவ்வளவுதான். அது தெரிந்து ஆத்திரம் ஆறிவிட்டது, ஆனால் ஆத்திரம் இருந்தபோது கொஞ்சம் துணையாகவாவது இருந்தது.

இப்பவும் விஷயம் என்னவென்றால், செப்டம்பர் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மத்தியானச் சாப்பாடு போடலாம் என்று இருக்கிறேன். அதை விட்டால் புரட்டாசி வந்துவிடும், பாதிப்பேர் கறி தொடமாட்டார்கள், பின்னாலேயே ஜலீல் பாய் வீட்டுக்கு நோன்பும் வந்துவிடும். சமையலுக்கு உத்தமபாளையத்தில் இருந்து ஆள் அனுப்புவதாக அவரே சொல்லிவிட்டார். கூப்பிடுவதற்குத்தான் வழி இல்லை. நானே போய்ப் பார்த்தேன். மலையம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலி போட்டது, மோர் கொடுத்தது, உள்ளே போய் சீனிச்சாமியை எழுப்பி அனுப்பிவிட்டது, நான் அவரிடம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன். அதனால் நீதான் செய்ய வேண்டும். ஏழு வீட்டு நம்பர் பின்தாளில் எழுதியிருக்கிறேன், நம் ஊரில் காலை பத்து மணிக்குமேல் கூப்பிட்டால் ஆண்கள் வெளியே போயிருப்பார்கள், பெண்கள்தான் எடுப்பார்கள். உனக்குத் தூக்க நேரமாக இருக்கும், ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று சொன்னால் போதும். அம்மா எப்படிச் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும், நீ இடுப்பில் இருந்துகொண்டு கேட்டிருக்கிறாய். ஜெய்த்தூன் பீவியிடம் பேத்தி பெனாசிரையும் கூட்டிவரச் சொல். என்ன விசேஷம் என்று கேட்டால் ஒன்றுமில்லை, சும்மாதான் என்று சொல். தனியாக இருக்கிறார், வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே, அப்படிச் சொன்னால் எல்லாரும் வருவார்கள், எனக்குத்தான் சாப்பாடு இறங்காது.

நீயும் கூப்பிடுகிற வீடுகளுக்கு உன் வாயால் சொல்லிக் கூப்பிடு, கம்ப்யூட்டரில் எழுதிப் போடுவதோடு விடாதே. மாப்பிள்ளை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் முகத்தைச் சுளிக்காதே, முன்கூட்டிச் சொல்லச் சொல். நீ எங்காவது போய்விட்டு நேரம் கழித்து வந்தால் அவர் கத்தக்கூடாது என்று நான் சொன்னதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு, குழந்தை குட்டியோடு, வாசல் நிறையச் செருப்புக் கிடக்கிற வீட்டில் இருக்க வேண்டும் என்று மனசார ஆசீர்வதிக்கிறேன்.

மறக்காமல் கவனி, பின்தாளில் எட்டு நம்பர் இருக்கும். அப்பாவுக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைத்துவிடாதே. எட்டாவது நம் வீட்டு நம்பர்தான். ஏழு வீட்டுக்கும் சொல்லி முடித்துவிட்டு அதற்கும் ஒரு தடவை போட்டு, பத்தாம் தேதி மத்தியானச் சாப்பாடு, கட்டாயம் வந்துருங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிடு, அன்றைக்கு மட்டும் மாத்திரை போட்டீர்களா என்று கேட்காதே. ஒன்றரை வருஷமாக என்னை யாரும் வாய் திறந்து எதற்கும் கூப்பிடவில்லை ஆத்தா.

உன் அப்பா
சு. அழகுமலை