அமிர்தியில் பார்த்த முள்ளம்பன்றி

தம்பிக்கு,

பட்டுச்சேலை பார்டருக்கு நான் வரைந்த அன்னப்பட்சியை உன்னுடையது என்று சொல்லி முதலாளியிடம் கொடுத்தாய். அதன்பிறகு ஒன்பது வருடம் டிசைன் போடும் கிராஃப் தாளில் நான் ஒரு கட்டம்கூட நிரப்பவில்லை.

நேற்று பிள்ளைகளோடு அமிர்தி மிருகக்காட்சிசாலைக்குப் போயிருந்தோம். கூண்டுக்குள் ஒரு முள்ளம்பன்றி சிலிர்த்து நின்றது. கறுப்பும் வெள்ளையுமான அதன் முட்கள் எனக்கு இழை இழையாகத் தெரிந்தன. பிஸ்கட் அட்டையைக் கிழித்து அங்கேயே வரைந்தேன்.

“கல்யாணப் பொடவைல முள்ளம்பன்னி போட்டா மாமியாருக்குத்தான் எடுத்துக் குடுப்பாங்க” என்றாள் உன் அண்ணி. நான் நிறுத்தவில்லை.

புது டிசைன் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறாய். தர மாட்டேன். நீ எடுத்தது ஒரே ஒரு பட்சி. ஒன்பது வருடத்தைத் தொலைத்தவன் நான். என் மேல் எனக்குள்ள அந்தக் கோபத்தையும் உன் மேல்தான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மறுபடி வரையத் தொடங்கிவிட்ட உன் அண்ணன்