எட்டு மஞ்சள் கோடுகள்

மறைந்திருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் ஆண்டவருக்கே மகிமை.

அன்புள்ள கைன்வென், உன் மூட்டுவலி தணிந்ததா? நான் நலம்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், மலைப்பாதைக் கார் பந்தயத்தில் எஞ்சின் இறுகி நின்றுபோனபோது, போல்ட்டை முறுக்காமல் விட்டவன் என்று ஊரறிய என்னை மெக்கானிக் வேலையிலிருந்து துரத்தினாரே ஹாடன், அவர் அதே காரை மின்சாரத்துக்கு மாற்ற எங்கள் பட்டறைக்கே கொண்டுவந்தார். அன்றிலிருந்து அந்த எஞ்சினை யாரும் திறக்கவில்லையாம்.

"என்ன பியூ, பேட்டரியையாவது ஒழுங்கா முறுக்குவியா, இல்ல அதுக்கும் ஜெபம்தானா?" என்றார். பட்டறையே சிரித்தது.

எஞ்சினை இறக்கி அடித்தட்டைக் கழற்றினேன். முறுக்கிய போல்ட்டின் குறுக்கே மஞ்சள் கோடு இழுப்பது என் வழக்கம். போல்ட் அசைந்தால் கோடு உடையும். எட்டுக் கோடுகளும் உடையாமல் இருந்தன. உள்ளே எல்லாம் எண்ணெயின்றிக் கருகியிருந்தது. பந்தயக் காலையில் எண்ணெய் ஊற்றுவதை ஹாடன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவரை அழைத்துக் காட்டினேன். "பழசு, விடுய்யா," என்றார்.

அவர் மனைவி அந்த எஞ்சினைக் கண்ணாடி பதித்து வரவேற்பறை மேசையாக்கித் தரக் கேட்டிருந்தார். தலைகீழாக நிறுத்தி, கோடுகள் மேலே தெரியும்படி நானே செய்துகொடுத்தேன். பழிவாங்குவது ஆண்டவரின் வேலை என்று ஜெபக்கூடத்தில் போதித்தவன் நான். இந்த ஒன்றை மட்டும் ஆண்டவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கம்பளிக் காலுறையும் உன் திராட்சை ரொட்டியும் அனுப்பு. இங்கே ஒற்றை ஆளுக்கு அளவாக எதுவும் விற்பதில்லை. தபால் வண்டி வந்துவிட்டது.

உன்மேலும் நம் வீட்டின்மேலும் ஆண்டவரின் சமாதானம் தங்குக. ஹாடன் வீட்டிலும் தங்கட்டும், அந்த மேசையைச் சுற்றி, "இது என்ன கோடு?" என்று கேட்கும் விருந்தினர் என்றும் குறையாதிருக்கட்டும்.

உன் இட்ரிஸ் பியூ