லூப்ஸ் அளவெடுத்தவர் மீது நான் கொடுத்த பொய்ப் புகார்

அனுப்புநர்:
இரா. சீதாலெட்சுமி,
அறுவை சிகிச்சைக் கூடத் தாதி,
தாமான் மெலாத்தி, கிள்ளான்.

பெறுநர்:
டாக்டர் சுகுமாறன் அவர்கள்,
தலைவர், புகார் விசாரணைக் குழு,
கெனங்கா நிபுணத்துவ மருத்துவமனை, கிள்ளான்.

பொருள்: விற்பனைப் பிரதிநிதி திரு. முகமது ரஃபீக் மீது 14.7.2025 அன்று நான் கொடுத்த புகாரை ரத்து செய்து, என்மீது விசாரணை நடத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதல் புகாரை மலாயில் எழுதினேன். எனக்குத் தெரிந்த அலுவலக மலாயில், யார் செய்தது என்று சொல்லாமலே ஒரு பக்கத்தை நிரப்பிவிடலாம். தாங்களும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்று அறிவேன். ஆகவே இதைத் தமிழில் எழுதுகிறேன்.

1. பதினெட்டு ஆண்டுகளாக மருத்துவருக்கு எதிரே நின்று உதவி செய்பவள் நான். கைவிரல் நரம்பு தைக்கும் சிகிச்சைகளில் உதவியாளரும் லூப்ஸ் எனப்படும் உருப்பெருக்கிக் கண்ணாடி அணிய வேண்டும் என்று முடிவானதால், கடந்த மே மாதம் அதை விற்கும் நிறுவனத்திலிருந்து திரு. ரஃபீக் அளவெடுக்க வந்தார். அவர் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர்.

2. உதவியாளருக்கு இரண்டரை மடங்கு போதும், பார்க்கும் இடம் அகலமாகத் தெரியும், கத்தரியின் நுனி கண்ணை விட்டுப் போகாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். சிகிச்சை செய்யும் டாக்டர் ரவிசங்கர் அணிவது மூன்றரை மடங்கு. எனக்கும் அதேதான் வேண்டும் என்றேன். தேவை எதுவும் இல்லை. வெறும் வீம்பு.

3. அடுத்து, கண்ணுக்கும் மேசைக்கும் உள்ள தூரத்தை அளந்தார். என் உயரம் நாலடி பத்தங்குலம். டாக்டரோ ஆறடி, மேசை அவர் உயரத்துக்குத்தான் ஏற்றப்படும். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் ஸ்டூல்மேல் நின்றுதான் உதவி செய்கிறேன். ‘ஸ்டூல் சிஸ்டர்’ என்று பட்டப்பெயரே உண்டு. “அக்கா, தியேட்டர்ல ஸ்டூல் போட்டு நிப்பீங்களா? அதுக்கேத்த மாதிரிதான் அளவு எடுக்கணும்” என்று திரு. ரஃபீக் கேட்டார். அறையில் புதிதாகச் சேர்ந்த இளம் மருத்துவர்கள் இருவர் இருந்தனர். “அதெல்லாம் இல்லலா” என்றேன். அவர் நம்பவில்லை போலும், மறுபடியும் கேட்டார். நான் எரிந்து விழுந்தேன். ஸ்டூலின் உயரம் ஒரு சாண். அந்த ஒரு சாணும் அளவில் விடுபட்டது.

4. ஜூலை 14 அன்று, ரொட்டிக் கடையில் வேலை செய்யும் வீரம்மா என்ற அம்மாளின் ஆள்காட்டி விரலில் நரம்பு தைக்கப்பட்டது. ஸ்டூல்மேல் நின்ற எனக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கழுத்தை வளைத்துக் குனிந்தால் தெளிந்தது. ஆனால் காசளவு இடம்தான் தெரிந்தது. நூலின் வாலை நறுக்கச் சொன்னார் டாக்டர். நான் முடிச்சையே நறுக்கிவிட்டேன். அவர் மறுபடி தைத்தார். அந்த அம்மாளின் விரல் பிழைத்தது அவர் கைவண்ணத்தால், என்னால் அல்ல.

5. “என்ன சிஸ்டர், கண்ணு தெரியலயா?” என்று அவர் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கண்ணாடியை ஒழுங்காக அளவெடுக்கவில்லை என்றேன். சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அன்றே எழுத்தில் கொடுத்தேன். ஸ்டூலைப் பற்றி திரு. ரஃபீக் கேட்கவே இல்லை என்று எழுதினேன். ஐயா, இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. குழு அவரை அழைத்து விசாரிக்கவில்லை. பதினெட்டு ஆண்டு அனுபவம் உள்ளவளின் சொல் போதும் என்று விட்டுவிட்டீர்கள்.

6. ஆகஸ்ட் முதல் தேதி, வேறு கண்ணாடிக்கு அளவெடுக்க அதே நிறுவனத்திலிருந்து விஷ்ணுப்ரியா என்ற பெண் வந்தார். அவரும் ஸ்டூலைப் பற்றிக் கேட்டார். ஆமாம் என்றேன். ஸ்டூலைக் கொண்டுவரச் சொல்லி, ஏறி நிற்கவைத்து அளந்தார். அங்கிருந்த ஒருவரும் சிரிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்காகவா ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்தேன் என்று தோன்றியது. திரு. ரஃபீக்கை வேலையிலிருந்து நீக்கி நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள் என்று அப்பெண்தான் சொன்னார். அவருடைய வேலை அனுமதி அந்த நிறுவனத்தின் பெயரில் உள்ளது. ஆகஸ்ட் 28 அன்று வேலை முடிகிறது. பிறகு அவரும் மனைவி ஜரீனாவும் நாட்டை விட்டுப் போக வேண்டும்.

7. இதை அறிந்தும் இருபது நாள் வாய் திறக்கவில்லை. என் வேலை போய்விடும் என்ற பயம். இந்தத் தாமதத்துக்கு என்னிடம் வேறு சமாதானம் இல்லை.

ஆகவே, என் புகார் பொய் என்று அந்த நிறுவனத்துக்கு மருத்துவமனையின் முத்திரையோடு கடிதம் அனுப்பும்படி மன்றாடுகிறேன். முடிச்சை நறுக்கியது யார் என்பதை வீரம்மா அம்மாளிடமும் நானே சொல்ல அனுமதி வேண்டும். என்மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன். அதைத் தாங்கள் சாவகாசமாக முடிவு செய்யலாம். திரு. ரஃபீக்குக்கான கடிதத்துக்கு மட்டும் இன்னும் ஏழு நாள்தான் இருக்கிறது.

இடம்: கிள்ளான்
தேதி: 21.8.2025

தவறிழைத்த,
(ஒப்பம்)
இரா. சீதாலெட்சுமி