அம்மா பிடித்துப் பார்த்த கயிறு

பழங்காநத்தம்,
ஞாயிற்றுக்கிழமை.

தம்பி சூரியபிரகாஷுக்கு அக்கா முனீஸ்வரி எழுதுவது.

நீ புனேயில் நலமாகத்தான் இருப்பாய். இங்கே நலமில்லை. போனில் சொன்னால் “மீட்டிங்ல இருக்கேன்க்கா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் அம்மாவுக்குத் தெரியாமல் இந்தக் கடிதம். முழுதும் படி.

குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு உடைந்ததாக அம்மா உன்னிடம் சொன்னாள் அல்லவா? பொய். மேலூரில் சோலை மாமா பேத்தி காதுகுத்துக்குப் போனோம். புதுக் காரில் முதல் பயணம். உன் கம்பெனி வண்டி, உள்ளமைப்பெல்லாம் நீ வரைந்தது என்று உன் மச்சான் ஆசையாய் வாங்கினாரே, அந்தக் கார்தான். ஏறும்போது அம்மாவை நான் தாங்கினேன். இறங்கும்போது என் கையில் குழந்தை. அம்மா பிடிமானத்துக்கு மேலே கையை நீட்டினாள். அங்கே ஒன்றுமில்லை. அப்படியே மண்ணில் விழுந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் லீவில் வந்து இந்த வீட்டில் என்ன கூத்தடித்தாய்? இரண்டு பிளாஸ்டிக் சேர், திறந்த பீரோ கதவு, மேலே கொக்கியில் ஒரு கயிறு. அதுதான் கார். முட்டிவலிக்கார அம்மாவை இருபது தடவை ஏற்றி இறக்கி டேப் வைத்து அளந்தாய். கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டு, “இது இருந்தா போதும்ப்பா, யார் தயவும் வேணாம்” என்றாள். நீயும் நோட்டில் எழுதிக்கொண்டாய். அதை நம்பித்தான் கையை நீட்டியிருக்கிறாள்.

கைப்பிடி எங்கே என்று கார் வீட்டுக்கு வந்த அன்றைக்கே போனில் உன்னிடம் கேட்டேன். “செலவு கூடுதுன்னு மேலதிகாரிங்க எடுக்கச் சொல்லிட்டாக, நான் என்னக்கா செய்ய” என்றாய். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாயா? கதவு ஓரமெல்லாம் நீல விளக்கு எரிகிறதே, அதற்குச் செலவில்லையா? வாயை மூடிக்கொண்டு பதவி உயர்வு வாங்கியிருக்கிறாய். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தனை சனத்துக்கு முன்னால் கீழே கிடந்தபடி அம்மா சொன்னது என்ன தெரியுமா? “சேலை தடுக்கிருச்சு, வண்டி மேல குத்தமில்ல.” இப்போது இடது கையால் சோற்றைச் சிந்திச் சிந்திச் சாப்பிடுகிறாள். பார்க்க வருகிறவர்களிடம், மகன் போட்ட சீட்டு மெத்துமெத்தென்று இருப்பதாகப் பெருமை வேறு பேசுகிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த காரையும் நீதான் வரையப்போவதாகச் சொல்கிறாய். வேலையை விடச் சொல்லவில்லை. கைப்பிடியை எடு என்று யாராவது சொன்னால் அம்மாவின் எக்ஸ்ரேயை மேஜையில் வைத்துப் பேசு. இத்துடன் நகல் அனுப்பியிருக்கிறேன்.

அம்மா உன்னை வரச்சொல்லிக் கேட்கமாட்டாள். நான் கேட்கிறேன், வா. ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்பமாட்டேன். டவுன் பஸ்ஸில் வா. அதில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அக்கா,
முனீஸ்வரி