பால் டப்பாவும் குட்டைத் தண்ணீரும்

இன்று காலை என் பேத்தி அடுக்களையில் பால்பவுடர் டப்பாவைத் திறந்தாள். மூடிக்குக் கீழே ஒட்டியிருந்த வெள்ளித் தாளைக் கிழித்ததும் வந்த வாசனை, கூடத்தில் உட்கார்ந்திருந்த என் மூக்கு வரைக்கும் எட்டிவிட்டது. கண் மங்கிவிட்டது, காது பாதி போய்விட்டது, இந்த மூக்குக்கு மட்டும் ஒரு கேடும் வரவில்லை. "பாலு நல்லா ஊறுதே, எதுக்குடி டப்பா?" என்று கேட்டேன். "வேலைக்குப் போனா வேணும் ஆயா" என்றாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, கரண்டியால் அளந்து போட்டாள். அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உனக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இனிப் படிக்கப் போவதில்லை. நேரில் சொல்ல ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தது, அப்போதெல்லாம் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன். என் லட்சணம் அவ்வளவுதான்.

அது அறுபதுகளின் கடைசி, நம் இருவருக்கும் பத்தொன்பது வயது. நீ என்னைவிட ஒரு மாசம் மூத்தவள் என்று உன் மாமியார் கணக்குச் சொல்வாள். ராஜகிரி மலைக்குக் கீழே எங்கள் நிலத்தில் நீ நாற்று நட்டாய், களை எடுத்தாய், காலையில் எங்கள் மாட்டுக்கொட்டகையைக் கூட்டினாய். நான் உனக்குச் 'சின்னம்மா', 'நீங்க'. நீ எனக்கு 'ஏ பொண்ணு', 'வாடி', 'போடி'. ஒரு மாசம் மூத்தவளை அப்படிக் கூப்பிடுகிறோமே என்று ஒரு நாளாவது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்கு வந்தபோது உனக்கும் அதே அளவு வயிறு. உனக்கு யாரும் வளையல் போடவில்லை. "வாய்க்கு இன்னாத்துக்கோ ஏங்குது சின்னம்மா" என்று கிசுகிசுத்து, இடுப்பில் சொருகியிருந்த புதுச் சட்டி ஓட்டுத்துண்டை எடுத்து உடைத்துப் பாதி கொடுத்தாய். கொட்டகைக்குப் பின்னால் நின்று இருவரும் அதைக் கடித்து மென்றோம். மழை பெய்த மண்ணின் ருசி, அப்படி ஒரு ருசி! சிரித்துச் சிரித்துப் புரையேறி, அம்மாவிடம் மாட்டிக்கொண்டோம்.

"மண்ணத் தின்னா ரத்தம் செத்துப்பூடும்டி" என்று அம்மா என்னைப் பிடித்து வாயைக் கழுவினாள். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; மறுநாளே நைனா வாடகைக் கார் பிடித்து, திண்டிவனத்தில் லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார். டானிக், மாத்திரை, தினம் இரண்டு வேளை பால். உனக்கு என்ன என்று நான் கேட்டதற்கு அம்மா சொன்னாள்: "அதுங்க ஒடம்பு கல்லத் தின்னாலும் செரிக்கும். அதுக்கு ஒண்ணும் ஆவாது." நானும் அதை நம்பினேன். வலி எடுக்கிற நாள் வரைக்கும் நீ சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாய், அதைப் பார்த்துக்கொண்டே நம்பினேன்.

எனக்குப் பெண் பிறந்த ஐந்தாம் நாள் உனக்குப் பையன் பிறந்தான். நான் நாற்பது நாள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது; லேகியம், நெய், வேது, தலைக்குச் சாம்பிராணி. நீ பதினெட்டாம் நாள் களை எடுக்க வந்துவிட்டாய். உன் வீட்டுக்காரன் கரும்பு வெட்டப் போன இடத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை, வேறென்ன செய்வாய். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தாய். ஒரு மத்தியானம் மோர் வாங்கிக் குடிக்கப் பின்கட்டுக்கு வந்தவளின் மாராப்பு தொப்பலாக நனைந்திருந்தது.

"இன்னாடி இது?" என்றேன்.

"பால் குடிக்கிற நேரம்னு புள்ளைக்குத் தெரியுது சின்னம்மா. போய்க் குடுக்கத்தான் எனக்கு நேரமில்ல."

உன்மேல் இரக்கப்பட்டேன், அது பொய்யில்லை. நைனா பாண்டிச்சேரியிலிருந்து எனக்கு மூன்று பால் டப்பா வாங்கி வந்திருந்தார். மேலே கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம். அதில் ஒன்றை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து உன்னிடம் கொடுத்தேன். உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "படத்துல இருக்கிற மாதிரி ஆயிடுவான் இல்ல?" என்று கேட்டாய். "ஆவாண்டி. தண்ணியில மூணு கரண்டி போட்டுக் கலக்கிக் குடுக்கச் சொல்லு" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அந்த வார்த்தைகளை இத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதில் 'காய்ச்சிய' என்ற ஒரு சொல் இல்லை.

ஏன் சொல்லவில்லை தெரியுமா? சமணர்களான எங்கள் நயினார் வீடுகளில் தண்ணீரை வெள்ளைத் துணியை மடித்துக் கட்டி வடிகட்டுவோம், பிறகு மேற்கொண்டு உயிர் உண்டாகாமல் இருக்கக் காய்ச்சுவோம். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, அவை நம் வயிற்றில் போய்ச் சாகக் கூடாது என்பது எங்கள் மதம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் எனக்குத் தெரியும். டப்பாவின் மேல் 'கொதித்து ஆறிய நீர்' என்று எழுதியிருந்ததை நான் படித்தேன். படித்துவிட்டு, எங்கள் வீட்டு வழக்கத்தை டப்பாக்காரனும் தெரிந்துவைத்திருக்கிறானே என்று சந்தோஷப்பட்டேன். அது எங்களுக்கு, உங்களுக்கு இல்லை என்று நினைத்துவிட்டேன். பூச்சியைக் கொல்லக் கூடாது என்று வடிகட்டினோமே தவிர, பூச்சி பிள்ளையைக் கொல்லும் என்று யோசிக்க எனக்குப் புத்தி இல்லை.

உங்கள் காலனிக்குக் கிணறு கிடையாது. ஊர்க்கிணற்றில் நீங்கள் இறங்கக் கூடாது. புது மழையில் மாடும் ஆளும் கலக்கிய குட்டைத் தண்ணீர்தான். உன் மாமியார் அந்தத் தண்ணீரில்தான் கலக்கினாள். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று மூன்று கரண்டிக்குப் பதில் ஒரு கரண்டி போட்டாளாம்.

பத்து நாள் கழித்து நீ வேலைக்கு வரவில்லை. "கொழந்தைக்கு வயித்தால போவுது" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நான் ஓமத் தண்ணீர் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் என் பெண்ணுக்கு ஊசி போட வந்த நர்ஸம்மாவைக் கெஞ்சி உங்கள் பக்கம் அனுப்பினேன். மத்தியானம் திரும்பி வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கொழந்த போயிடுச்சும்மா. டப்பா நீங்க குடுத்ததாமே? தண்ணியக் காய்ச்சணும்னு சொன்னீங்களா?"

"அது எங்க வழக்கம்..." என்று இழுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக் குறுகிப்போனேன்.

ஒரு வாரம் கழித்து நீ வந்தாய். டப்பாவின் வெளிப்பக்கத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கி, மூடியை இறுக்கி எடுத்து வந்திருந்தாய். "பாதி அப்பிடியே இருக்குது சின்னம்மா. உங்க பாப்பாவுக்கு ஆவும்" என்று தரையில் வைத்தாய். அழவில்லை. "உங்க மேல தப்பில்ல. டப்பா பாலு பெரிய வூட்டுப் புள்ளைங்களுக்குத்தான் சேரும். எங்க ஒடம்புக்கு ஒத்துக்கல, அவ்ளோதான்."

பக்கத்தில் நின்ற அம்மா சட்டென்று, "ஆமாண்டி, எல்லாருக்கும் எல்லாமும் சேராது" என்று முடித்துவைத்தாள். நான் வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். தண்ணீரால் வந்தது என்று சொன்னால், 'அப்போ நல்ல தண்ணிக்கு எங்க போறது?' என்று நீ கேட்பாய். நீ நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் எங்கள் கிணறு. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பேசாமல் இருந்தேன். அம்மா மேல் பழி போடுவது சுலபம், ஆனால் வாய் என்னுடையது.

நான் வாயை மூடியதன் பலன் அதோடு நிற்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து நான் அம்மா வீட்டில் வந்து தங்கியிருந்த சமயம், நீ மறுபடி முழுகாமல் இருந்தபோது, நர்ஸம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை வரப்பில் புதைத்தாயாம். "எங்க ஒடம்புக்கு ஒத்துக்காதாம், அப்படியே சாதிக்கறாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க" என்று அவள் என்னிடம் வந்தாள். உன் கண்ணெல்லாம் வெளுத்திருந்தது. நான் உன்னைக் கூப்பிட்டு, "தினம் என் எதிர்ல முழுங்குடி" என்று அதட்டினேன். நீ முழுங்கினாய். மாத்திரைமேல் நம்பிக்கை வந்து முழுங்கவில்லை, சின்னம்மா சொன்னாள் என்று முழுங்கினாய். தண்ணீர் நான்தான் கொடுத்தேன், காய்ச்சியதுதான், உன் கையில் செம்பு படாமல் மேலேயிருந்து ஊற்றினேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. உனக்குப் பெண் பிறந்து பிழைத்துக்கொண்டதும், எல்லாம் சரியாகிவிட்டது என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். வெட்கக்கேடு.

அந்தப் பெண் இப்போது அனந்தபுரத்தில் டீச்சர். போன மாசம் தன் மகளுக்கு வளைகாப்பு என்று சொல்ல என் வீட்டுக்கு வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மா கடசி வரைக்கும் டப்பா பாலு வாங்க வுடலம்மா. 'நம்ம ஒடம்புக்கு அது சேராதுடி, உங்கண்ணன் அதுலதான் போனான்'னு சொல்லும். நானும் டென்சன் எதுக்குன்னு வுட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குட்டையை, கிணற்றை, டப்பாவில் நான் படித்ததை, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"இது எங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. சாவற வரைக்கும் அது தன் ஒடம்பத்தான் திட்டிக்கிச்சி."

அதைச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவள் சொன்னது என்னோடு இருக்கிறது, நான் இருக்கும்வரை இருக்கும். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை, அதனால் கேட்கவில்லை. நீ உயிரோடு இருந்தபோதே நான் சொல்லியிருக்க வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உன் உடம்பிலும் உன் பிள்ளை உடம்பிலும் ஒரு குறையும் இல்லை. என் பெண்ணைப் போலத்தான் அவனும் பிறந்தான். அந்தப் பால் அவனுக்கும் ஒத்துக்கொண்டிருக்கும். டப்பாவைக் கொடுத்த நான் தண்ணீரைக் கொடுக்கவில்லை.